சித்தப்பாவின் கார் நின்ற காரணம்

எங்கள் குடும்பத்தில் நடந்தவற்றை ஆண்டுவாரியாக எழுதி வைக்கும் வேலையை நானாக எடுத்துக்கொண்டதிலிருந்து, ஒரு சம்பவத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். சோம்பல் ஒரு காரணம். சித்தி படித்துவிடுவார் என்பது இன்னொரு காரணம். சித்தி போன ஆண்டு காலமாகிவிட்டார். இனி எழுதலாம். எழுதாமல் சுமந்துகொண்டிருப்பதும் அலுத்துவிட்டது.

எந்த ஆண்டு என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. நான் நான்காம் வகுப்பில் இருந்தேன் என்பது என் கட்சி. ஐந்தாம் வகுப்பு என்பார் அப்பா. காட்டுத்தீப் புகைமூட்டத்துக்காகப் பள்ளியை மூடியிருந்ததைச் சான்றாகக் காட்டுவார். ஜொகூரில் புகைமூட்டம் எத்தனையோ ஆண்டுகள் வந்திருக்கிறது, அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பேன் நான். மாதத்தைப் பற்றி மட்டும் சண்டை இல்லை. ஆயுத பூசை முடிந்து, தீபாவளி இன்னும் வராத வாரங்கள் அவை.

அப்போது தம்போயில் ஒரு தொடர்வீட்டில் இருந்தோம். பின்னறையில் சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குத் திருமணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சித்தப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போவார், இருட்டும் நேரத்தில் திரும்புவார். தலைக்கவசத்தைக் கழற்றும்போது முகத்தில் கவசம் மூடாத பகுதி மட்டும் கருத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் முழு மனிதராகத் தெரிவார், அதுவும் காரின் முன்மூடியைத் திறந்த பிறகு.

அது ஜப்பான்காரர்கள் செய்த பழைய கார். சித்தப்பாவைவிட ஓரிரு வயதுதான் இளையது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் வாங்கி, தன் கையாலேயே ஒவ்வொரு பாகமாகத் தேற்றி வைத்திருந்தார். திருமணம் முடிந்து தங்காக்கிலிருந்து சித்தியை அழைத்து வந்தது அந்தக் காரில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், வளைகாப்பு முடிந்ததும் சித்தியைத் தங்காக்குக்கு அழைத்துப் போனார்கள். வலி எடுத்ததாகத் தகவல் வந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே நிற்பேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரைச் சர்வீஸ் செய்தார். எண்ணெய் மாற்றி, புதுப் பிளக் போட்டு, கடைசியாக டைமிங்கையும் சரிசெய்தார்.

டைமிங் என்றால் என்ன என்று அவர் எனக்கு ஒருமுறை விளக்கியிருந்தார். என்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியில் தீப்பொறி சரியான நொடியில் விழ வேண்டும். முந்தினால் என்ஜின் அடித்துக்கொள்ளும். பிந்தினால் பலம் போய்ச் சூடேறும். அந்த நொடியைப் பார்ப்பதற்கு டைமிங் லைட் என்று ஒரு விளக்கு உண்டு. முதல் பிளக்கில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும். அந்த வெளிச்சத்தில், என்ஜின் முன்னால் வேகமாகச் சுழலும் பூலிச் சக்கரம் நின்றுபோனதுபோல் தெரியும். சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். அதற்கு எதிரே என்ஜினில் ஒரு முள். குறி முள்ளுக்கு நேரே நிற்கும்வரை, பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு அதன் அடி போல்ட்டை முறுக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் முன்பு டாக்சி ஓட்டிய மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். பாக்சிக் என்று கூப்பிடுவோம். விளக்கு அவருடையது.

தகவல் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே வந்துவிட்டது. அன்று சித்தப்பாவுக்கு விடுப்பு. காலையிலேயே கிளம்பினார். பாதி வழியில், ஆயர் ஈத்தாம் தாண்டியதும் மேட்டில் கார் ஏறவில்லை. ரேடியேட்டர் கொதித்தது. ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டினால் மறுபடியும் கொதித்தது. ஒரு கட்டத்தில் அசையவே மறுத்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் வெகுநேரம் கைகாட்டி நின்று, கடைசியில் ஒரு காய்கறி லாரியில் தங்காக் போய்ச் சேர்ந்தார்.

குழந்தை பையன். அளவுக்கு மீறிச் சிறியதாகப் பிறந்து, பிற்பகல் வரை உயிரோடு இருந்திருக்கிறது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்ய வேண்டும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். சித்தப்பா மருத்துவமனை வாசலில் இறங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். கையெல்லாம் கிரீஸ். குழந்தையின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் அம்மா என்னிடம் நேராகவே சொன்னார். அந்தச் சிறிய வீட்டில் எதையும் ஒளித்துவைக்க இடம் இருந்ததில்லை.

சித்தப்பா தனியாகத் திரும்பி வந்தார். காரை இழுத்து வந்து வீட்டு முன் நிறுத்தினார்கள். சித்தி தாய்வீட்டிலேயே இருந்தார். தினமும் வேலை முடிந்து வந்ததும் சித்தப்பா தொலைபேசியில் அழைப்பார். மறுமுனையில் எப்போதும் சித்தியின் அம்மாதான் எடுப்பார். தூங்குகிறாள், குளிக்கிறாள், படுத்திருக்கிறாள் என்று ஏதாவது ஒன்று. ஒரே ஒருமுறை சித்தி பேசினார். ஏன் வரவில்லை என்று கேட்டார். வண்டி நின்றுவிட்டது என்றார் சித்தப்பா. ஏன் நின்றது என்று கேட்டார் சித்தி. அன்று இரவே சித்தப்பா காரின் முன்மூடியைத் திறந்தார்.

அப்பா பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தார். அந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளி இல்லை. ஆனாலும் தீபாவளியைத் தாண்டி அந்தப் பெண் அங்கேயே தங்கிவிட்டால் இரண்டு வீட்டிலும் பேச்சு வேறு மாதிரிப் போகும். லார்க்கினிலிருந்து பஸ் இருக்கிறது, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய் அழைத்து வா என்றார்.

"ஏன் நின்னுச்சுன்னு கேக்குறாண்ணே. அது தெரியாம அவ முன்னுக்கு போயி என்னான்னு நிக்கிறது?"

ஆக, சித்தி வீடு திரும்புவது அந்தக் காரின் கோளாற்றில் வந்து நின்றது.

கோளாறோ பிடி கொடுக்கவில்லை. சித்தப்பா விளக்கைப் பிடித்து, குறியையும் முள்ளையும் நேராக வைத்து முறுக்குவார். தெருவைச் சுற்றி வருவதற்குள் என்ஜின் சோர்ந்து சூடேறிவிடும். வெறுத்துப்போய் விளக்கை வைத்துவிட்டு, காதால் கேட்டபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புவார். என்ஜின் இனிமையாக ஓடும். திருப்தியோடு மறுபடி விளக்கைப் பிடித்தால் குறி இரண்டு விரல்கடை தள்ளி நிற்கும். ஒருநாள் பாக்சிக் வந்து, தான் ஒருமுறை பார்ப்பதாகச் சொல்லி விளக்கை வாங்கினார். கீழே வெகுநேரம் குனிந்து பார்த்து, முள்ளுக்கு நேரே ஏதோ கோடு மாதிரி தெரிகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்றார். சித்தப்பா வாங்கிப் பார்த்தார். சரியில்லை. மறுபடி பாக்சிக் பார்த்தார். புகைமூட்டத்தில் தன் கண்ணில் நீர் வடிவதாகச் சொல்லிவிட்டு விளக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

டைமிங் ஓடுகிறது என்று சித்தப்பா முடிவு செய்தார். இருக்கிற இடத்தில் இல்லாமல் தானாக நகர்கிறது. நகர்த்துவது எது என்றுதான் தேட வேண்டும்.

வேலை முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து தேடினார். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்து, வேகத்துக்கு ஏற்பப் பொறியை முந்தவைக்கும் சின்ன எடைகளையும் சுருள்கம்பிகளையும் பார்த்தார். முறியவில்லை. நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. காற்றுக்குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொண்டு காத்திருந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டே இருந்ததால் அங்கும் கசிவு இல்லை. பொறியை எழுப்பும் பாயிண்டை மாற்றினார், அதோடு சேர்ந்த கண்டென்சரை மாற்றினார். கழற்றியவையும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் நல்லதாக இருக்க இருக்க அவர் முகம் இன்னும் களைத்தது. கெட்டுப்போன ஒன்றைக் காண்பதற்காக ஒருவர் அவ்வளவு ஏங்கி நான் பார்த்ததில்லை.

கடைசியாக, அடி போல்ட்தான் இளகுகிறதோ என்ற சந்தேகம் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து என்ஜின் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்தால் கோடு முறியும். மூன்று நான்கு நாள் ஓட்டிய பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார், என் கண் நல்ல கண் என்று. கோடு முறியவில்லை. நான் அதைப் பெருமையோடு அறிவித்தேன். அவர் வாளியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அடுத்து வந்தது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அம்மா துணி உலர்த்த வெளியே வந்தவர், வாளிக்குப் பக்கத்தில் நின்று, என்னதான் ஆயிற்று என்று முதல்முறையாகக் கேட்டார். அம்மாவுக்குச் செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, வீட்டில் எதையும் உற்றுப் பார்க்கப் பிடிக்காதவர். சித்தப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப அந்தக் குறிய யாரு செக் பண்ணா?" என்றார் அம்மா.

"எந்தக் குறி அண்ணி?"

"சக்கரத்துல இருக்கிற குறிதான். எங்க லைன்ல எல்லாப் பொருளும் தப்பா வந்தா, மொதல்ல அளக்குற கருவியத்தான் பாப்போம்."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு முதல் பிளக்கைக் கழற்றினார். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குறி முள்ளுக்கு நேரே நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பிளக் இருந்த ஓட்டை வழியாக ஏதாவது நீளமாக விட்டால் பிஸ்டன் ஏறுவது தெரியும். அம்மா உள்ளே போய், இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி ஒன்றைக் கொண்டுவந்தார். குச்சியை அம்மா இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, சித்தப்பா பூலியின் நட்டில் ஸ்பேனரை மாட்டி என்ஜினைக் கையால் சுற்றினார். குச்சி மெல்ல ஏறியது. ஏறி, மூச்சுப் பிடித்ததுபோல் ஒரு கணம் நின்றது. அம்மா நிறுத்தச் சொன்னார்.

நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். இத்தனை நாள் விளக்கில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைக் குறி முள்ளுக்கு நேரே இல்லை. இரண்டு விரல்கடை தள்ளியிருந்தது. முள்ளுக்கு நேரே கிரீஸ் அப்பிய கறுப்புதான் இருந்தது. சித்தப்பா மண்ணெண்ணெய்த் துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். உலோகத்தில் வெட்டிய மெல்லிய கோடு ஒன்று வெளியே வந்தது. பாக்சிக்கின் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்தது அதுதான். உண்மையான குறி.

அப்படியானால் வெள்ளையாக இருந்தது என்ன? சித்தப்பா நகத்தால் சுரண்டினார். செதிலாகப் பெயர்ந்து வந்தது. வட்டமாக இருந்தது. நடுவில் மங்கிய சிவப்பு.

எனக்கே தெரிந்துவிட்டது. அது சந்தனம். தங்காக்குக்குப் போகுமுன், ஆயுத பூசையன்று சித்தி, வயிறு இடித்துக் கை எட்டாதபோதும், முன்மூடியைத் திறக்கச் சொல்லி, காரின் எல்லாப் பாகங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். சக்கரம், விளக்கு, ஸ்டியரிங் என்று வைத்து முடித்து, என்ஜினுக்கு முன்னால் கையை உள்ளே விட்டு அந்தப் பூலிக்கும் ஒரு பொட்டு வைத்தார். உள்ளே வரைக்குமா என்று சித்தப்பா கேலி செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. நாளைக்கு உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கப்போகிற வண்டி, சுத்துகிற எல்லாவற்றுக்கும் வைக்க வேண்டும் என்றார் சித்தி. மற்ற பொட்டுகள் மழையிலும் கழுவலிலும் போய்விட்டன. கடையில் விற்கும் சந்தனப்பொடியில் சுண்ணாம்பு கலப்பார்களோ என்னவோ, இது மட்டும் என்ஜின் சூட்டில் இறுகிப் பெயிண்ட் போல ஒட்டிக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விளக்கைப் பிடித்த சித்தப்பா, பளிச்சென்று தெரிந்த அதையே குறி என்று எடுத்துக்கொண்டார். அதற்கு நேரே டைமிங் வைத்தார். பொறி பிந்தியது. எதுவும் செய்யாமல் அப்படியே விட்டிருந்தால் கார் தங்காக் போயிருக்கும்.

சித்தப்பா அந்தச் செதிலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா குச்சியை இன்னும் விடவில்லை.

"அன்னைக்கு நானுந்தானே பொட்டு வெச்சேன், தம்பி. நான் வெச்சதாத்தான் இருக்கும்."

"இல்ல அண்ணி. நீங்க சாமி அறையில இருந்தீங்க."

சித்தப்பா பூலியில் மிச்சமிருந்ததைத் துணியால் அழுத்தித் துடைத்தார். சரியான கோட்டுக்கு டைமிங் வைத்தார். அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. கண்டுபிடித்தாயிற்று, இனி சித்தி வந்துவிடுவார். நான் மட்டும் சந்தோஷமாக இருப்பது ஏன் என்று விளங்காமல் கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனேன்.

மறுநாள் சித்தப்பா விடுப்பு எடுத்தார். பெண்ணை அழைக்கப் போகும்போது வீட்டுப் பெண் ஒருத்தி வர வேண்டும் என்பதால் அம்மாவும், பள்ளி மூடியிருந்ததால் நானும் போனோம். புகையில் சாலையோரச் செம்பனை மரங்கள் அரைகுறையாகத் தெரிந்தன. லேடாங் மலை இருக்கும் திசையில் மலையே இல்லை. ஆயர் ஈத்தாம் தாண்டியதும் மேட்டில் கார் இழுத்துக்கொண்டு ஏறியது. சித்தப்பா சாலையோரத்தில் ஓர் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவில்லை.

சித்தியின் வீட்டில் எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். சித்தி முன்னறையில் பாயில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அன்றிலிருந்து இவள் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்று அவருடைய அம்மா என் அம்மாவின் காதருகே சொன்னார். சித்தப்பாவை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. சித்தி தலையை நிமிர்த்தி, நலம்கூட விசாரிக்காமல், அதே கேள்வியைக் கேட்டார்.

"வண்டி ஏன் நின்னுச்சு?"

"சர்வீஸ் பண்ண அன்னிக்கு அடி போல்ட்ட முறுக்காம வுட்டுட்டேன்," என்றார் சித்தப்பா. "போற வழியில டைமிங் ஓடிருச்சு. என் தப்புதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போல்ட் இறுக்கமாக இருந்தது. வெள்ளைக் கோடு முறியவே இல்லை. நான்தானே பார்த்துச் சொன்னேன். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் கையிலிருந்த மைலோவை என் வாய்க்கு நேரே தூக்கிப் பிடித்து, குடி என்றார். மிச்சமில்லாமல் குடித்து முடிக்கும்வரை டம்ளரை இறக்கவிடவில்லை.

"ஒரு போல்ட்டா?" என்றார் சித்தி.

சித்தப்பா தலையசைத்தார்.

"ஒரு போல்ட்ட முறுக்க முடியலயா ஒங்களால?" மெதுவாகத்தான் தொடங்கினார். எழுந்து வந்து அதையே மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது அவர் கை சித்தப்பாவின் தோளில் அடித்தது. பிறகு நெஞ்சில் அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் அதே கேள்வி. சித்தப்பா கையைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சித்தியின் அம்மா பதறி எழுந்தார். என் அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"விடுங்கம்மா. அவ கேக்கட்டும்."

கேட்டுக் கேட்டுக் குரல் உடைந்து, சித்தி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் போய்க் காரில் ஏறினார்.

அந்தப் போல்ட்டைச் சித்தி கடைசிவரை மறக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும், ஏதாவது மனத்தாங்கல் வந்தால், ஒரு போல்ட்டை முறுக்கத் தெரியாத மனுஷன் என்று சொல்லிக் காட்டுவார். சித்தப்பா ஆமாம் என்பார். வயதான பிறகு சித்தி அதையே கொஞ்சம் சிரித்துக்கொண்டும் சொன்னார். அப்போதும் ஆமாம்தான்.

ஆனால் அன்று திரும்பும் வழியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. சித்தி முன்னிருக்கையில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். அம்மாவிடம் ரகசியமாக, போல்ட் சரியாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அம்மாவும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். முந்தின நாள் நடந்ததை ஒருவர் எப்படி இவ்வளவு தவறாகச் சொல்ல முடியும் என்று எனக்கு எட்டவில்லை. விடியுமுன் எழுந்து பாலம் தாண்டித் தாண்டி, தூக்கமில்லாமல், சித்தப்பாவுக்கு ஞாபகம் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததைக்கூட மறந்துவிட்டாரே என்று, வீடு வந்து சேரும்வரை பின்னாலிருந்து அவர் பிடரியைப் பார்த்தபடி அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.